செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் எடுக்கவில்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே தொல்லையைப் பற்றியவை: முதலில் இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறது (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடுகிறது), பிறகு ஒருநாள் ஸ்டார்ட் ஆகவே மறுக்கிறது. முதல் கடிதத்துக்கு விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். மற்ற கடிதங்களுக்கான பதில்களில் அங்கே சொல்லாதவற்றை மட்டும் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: என்னுடைய பெட்ரோல் கார் ஒன்பது ஆண்டு பழையது. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் ஸ்பார்க்குக்கான உயர் மின்னழுத்தம் தரும் தனித்தனிக் காயில். மூன்று வாரங்களுக்கு முன்பு, வண்டி நின்றுகொண்டு ஓடும்போது இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியது. மேடு ஏறும்போது டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடி, மறுபடியும் பழைய நிலைக்கே வந்தது. அடுத்து ஒரு காயிலை மாற்றினார்கள். நான்கு நாள் தாங்கியது. கடந்த வாரம் காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் எடுக்கவில்லை. பலமுறை முயன்றதில் பேட்டரி இறங்கிவிட்டது. வேறு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தும் பயனில்லை. புகைக்குழாயின் அருகே பெட்ரோல் வாசனை அடிக்கிறது. பெட்ரோல் பம்பை மாற்றிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் இசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை) மாற்ற வேண்டியிருக்கும் என்கிறார்கள். நான் சம்மதிக்கலாமா?

பதில்: இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். மூன்று வாரங்களில் உங்கள் காரில் இரண்டு முறை பொருள்கள் மாற்றப்பட்டிருக்கின்றன. ஆனால் மல்டிமீட்டரோ, ஸ்கேனரோ, கம்ப்ரஷன் கேஜோ ஒருமுறைகூட அதைத் தொட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அளந்து பார்க்காமல் மாற்றப்படும் ஒவ்வொரு பொருளும் பழுதை மறைக்குமே தவிர அதைக் காட்டிக்கொடுக்காது; அந்தச் செலவு முழுவதும் வண்டியின் சொந்தக்காரர் தலையில் விழுகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகுந்த வருத்தம் தருவது.

பெட்ரோல் இன்ஜின் எரிந்து ஓடுவதற்குத் தேவையானவை சில மட்டுமே: ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற எடை விகிதத்தை ஒட்டிய கலவை, அதை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஷன், உரிய நொடியில் விழும் வலுவான ஸ்பார்க். இவற்றில் ஏதாவது ஒன்று ஒரு சிலிண்டரில் குறைந்தால் அது மிஸ்ஸிங். எல்லாச் சிலிண்டர்களிலும் குறைந்தால் இன்ஜின் எடுக்காது. எனவே மூன்று வாரம் மிஸ்ஸிங் அடித்த வண்டி பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், அவை இரண்டையும் இரு வேறு நோய்களாக நினைப்பதற்கு முன்பு, ஒரே நோய் முற்றியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. அந்தக் கோணத்தில் பார்த்தால் உங்கள் கடிதத்திலேயே நல்ல துப்புகள் மூன்று இருக்கின்றன.

முதல் துப்பு, பெட்ரோல் வாசனை. செல்ஃப் சுற்றும்போது பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் திறக்க வேண்டுமானால், கிராங்க் தண்டு சுழல்வதை உணரும் கிராங்க் சென்சாரிலிருந்து சுழற்சிச் சைகை இசியூவுக்குப் போக வேண்டும். இசியூ அதைப் புரிந்துகொண்டு இன்ஜெக்டர்களை இயக்க வேண்டும். பம்ப் ஓரளவாவது அழுத்தம் கொடுத்திருக்க வேண்டும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்வரை வந்துவிட்டது என்றால், இந்தச் சங்கிலி பெரும்பாலும் வேலை செய்கிறது என்றே பொருள். ஒழுகும் இன்ஜெக்டரும் இதே வாசனையைத் தரும் என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும், மாற்றச் சொல்லும் பம்பும் இசியூவும் சந்தேகப் பட்டியலின் அடிமட்டத்துக்குத்தான் போகின்றன.

இரண்டாவது துப்பு, புதிய பிளக்குகள் இரண்டு நாள் கொடுத்த நிம்மதி. இது என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. இடைவெளி சரியாக உள்ள சுத்தமான பிளக்கில் ஸ்பார்க் தாவுவதற்கு, கரி படிந்த பழைய பிளக்கைவிடக் குறைந்த மின்னழுத்தமே போதும். ஆகவே காயில்களுக்குப் போகும் மின்சாரம் பலவீனமாக இருந்தாலும் புதிய பிளக் சில நாள் சமாளித்துவிடும். அழுக்குப் படியத் தொடங்கியதும் மறுபடியும் மிஸ்ஸிங் தலைகாட்டும். புதிய காயில் நான்கு நாள் தாங்கியதும் இந்தக் கணக்கில் பொருந்துகிறது. மாறாக, ஏதோ ஒன்று கலவையில் பெட்ரோலை அதிகமாக்கி, பிளக்குகளைத் திரும்பத் திரும்பக் கரியாக்கிக்கொண்டிருக்கவும் கூடும். இவ்விரண்டில் எது என்பதை, கழற்றிய பழைய பிளக்குகளே சொல்லியிருக்கும். உலர்ந்த கறுப்புக் கரி இருந்தால் பெட்ரோல் மிகுதி. பிசுபிசுப்பான கறுப்பு என்றால் ஆயில் எரிகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் ஸ்பார்க் இல்லை அல்லது போதவில்லை. இளம் பழுப்பு நிறமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் எரிதல் சரியாக நடந்திருக்கிறது. அவை குப்பைக்குப் போயிருந்தால், இனியாவது கழற்றும் பிளக்குகளை எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தவை என்று எண் எழுதி வரிசையாக வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, விட்டுவிட்டு எரிந்த விளக்கு. இன்ஜின் விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டுவிட்டு எரிவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. எரியாத பெட்ரோல் புகையோடு வெளியேறி, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடக்கூடிய அளவுக்கு மிஸ்ஸிங் கடுமையாக இருக்கிறது என்ற எச்சரிக்கைதான் விட்டுவிட்டு எரிவது. அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கூடிய விரைவில் வண்டியை நிறுத்திவிட வேண்டும். உங்கள் வண்டி அந்த நிலையிலேயே சில நாள்களாவது ஓடியிருக்கிறது போலத் தெரிகிறது. ஆகவே கன்வெர்ட்டர் உருகி அடைத்துக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதை நினைவில் வையுங்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இனி, செய்ய வேண்டிய சோதனைகளுக்கு வருவோம். எதையும் கழற்றுவதற்கு முன்பு ஸ்கேனரைப் பொருத்தி, இசியூவில் பதிந்திருக்கும் பிழைக் குறியீடுகளைப் படித்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பேட்டரி வயரைக் கழற்றினால் பல கார்களில் அவை அழிந்துவிடும் என்பதால் இது முதலில் நடக்க வேண்டும். பி 0301 முதல் பி 0304 வரையிலானவை முறையே ஒன்று முதல் நான்காம் சிலிண்டர்களின் மிஸ்ஸிங்கையும், பி 0300 குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாமல் மாறிமாறி வரும் மிஸ்ஸிங்கையும் குறிக்கும். பி 0335 கிராங்க் சென்சார் சுற்றையும், பி 0340 கேம் சென்சார் (வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் நிலையை உணர்வது) சுற்றையும், பி 0171 கலவையில் பெட்ரோல் குறைவதையும், பி 0172 மிகுவதையும் சுட்டுகின்றன. குறியீடு என்பது தேட வேண்டிய திசையைக் காட்டுவது. எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்ற தீர்ப்பு அதில் இல்லை. பி 0335 வந்தவுடன் கிராங்க் சென்சாரை மாற்றுகிறவர்கள், அந்தச் சென்சாரின் வயர் எங்கேயாவது உரசி அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

அடுத்தது பேட்டரி. பலமுறை முயன்று இறங்கிப்போன பேட்டரியை வைத்துக்கொண்டு வேறு எந்தச் சோதனை செய்தாலும் அதன் விடையை நம்ப முடியாது. முழுதாகச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஓய்வில் வைத்த பிறகு 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. செல்ஃப் சுற்றுகிறது என்பதாலேயே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. செல்ஃப் மோட்டார் இருக்கிற மின்சாரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றும்போது, காயிலுக்கும் இசியூவுக்கும் மிஞ்சுவது போதாமல் போகும்.

இதே கட்டத்தில், பேட்டரியின் நெகட்டிவ் முனையை இன்ஜினோடு இணைக்கும் எர்த் வயரையும் சோதித்துவிட வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை இன்ஜின் உலோகத்தின் சுத்தமான பகுதியிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது; 0.5-ஐத் தாண்டினால் எர்த் இணைப்பில் எங்கோ துருவோ தளர்வோ இருக்கிறது. இந்தச் சோதனையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், உங்கள் வண்டியைப் போலவே மாறிமாறி மிஸ்ஸிங் அடித்த ஒரு காருக்கு நான் பெட்ரோல் பம்பை மாற்றினேன், பயனில்லை. உறைக்குள் மறைந்து, பச்சை பூத்து, நான்கைந்து இழைகளில் தொங்கிக்கொண்டிருந்த எர்த் வயர்தான் காரணம் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. பம்புக்கு வாங்கிய பணத்தை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து மீட்டரை வைக்காமல் நான் எந்தப் பொருளையும் கழற்றுவதில்லை.

பேட்டரியும் எர்த்தும் சரி என்றால், பெட்ரோலில் மூழ்கிய இன்ஜினைக் காயவைக்க வேண்டும். இன்ஜெக்ஷன் முறையில் இயங்கும் பெரும்பாலான பெட்ரோல் கார்களில், ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்துக்கொண்டே செல்ஃப் அடித்தால் இசியூ இன்ஜெக்டர்களை நிறுத்திவிடும். காற்று மட்டும் உள்ளே போய்த் தேங்கிய பெட்ரோலை வெளியேற்றும். ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்றாமல், இடையில் ஒரு நிமிடமாவது செல்ஃப் மோட்டாரை ஆறவிட்டு, இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். இன்ஜின் உயிர்பெறத் தொடங்கினால் உடனே காலை எடுத்துவிட வேண்டும். இப்படி ஸ்டார்ட் ஆகிவிட்டால் மிஸ்ஸிங் குணமாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்; பெட்ரோல் தேங்கியது விளைவுதான், காரணம் இன்னும் உள்ளேயே இருக்கிறது.

அப்படியும் எடுக்கவில்லை என்றால் நான்கு பிளக்குகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். நான்கும் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது என்பது உறுதியாகிறது. சந்தேகம் ஸ்பார்க்கின் மீதும் கம்ப்ரஷன் மீதும் திரும்புகிறது. ஸ்பார்க்கைச் சோதிப்பதற்கென்றே இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் இருக்கிறது. காயிலைக் கையில் பிடித்துக்கொண்டோ, பிளக்கை இன்ஜின் மேல் சும்மா கிடத்தியோ செல்ஃப் அடிப்பது ஆபத்தான பழக்கம். அந்தக் காயில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. பக்கத்திலேயே பிளக் துளை வழியாகப் பெட்ரோல் ஆவி பீறிட்டுக்கொண்டிருக்கிறது. டெஸ்டரில் நீலம் கலந்த வெண்மையாய்ச் சடசடவென்று தாவினால் அந்தக் காயில் நன்று. மஞ்சளாய் மெலிந்து வந்தாலோ, இடைவெளியைச் சற்றுக் கூட்டியதும் நின்றுபோனாலோ அது போதாது. ஒரு சிலிண்டரில் மட்டும் இப்படி இருந்தால், பக்கத்துச் சிலிண்டரின் காயிலை அங்கே மாற்றிப் போட்டுப் பாருங்கள்: பழுது காயிலோடு இடம்பெயர்ந்தால் காயில், அதே சிலிண்டரில் தங்கிவிட்டால் அதன் வயர் அல்லது கனெக்டர். நான்கிலும் ஸ்பார்க் மெலிந்திருந்தால், நான்கு காயில்களும் ஒரே நாளில் கெட்டுப்போகும் வாய்ப்பு மிகவும் குறைவு. அவற்றுக்குப் பொதுவான ரிலே, ஃபியூஸ், மின்வயர், எர்த் ஆகியவற்றில்தான் தேட வேண்டும். காயிலின் கனெக்டரில் சாவி போட்ட நிலையில் பேட்டரி அளவுக்கு வோல்ட் வருகிறதா, செல்ஃப் சுற்றும்போதும் அது நிலைக்கிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். பிளக்குகள் புதியவை, காயில்களில் ஒன்று புதியது, இருந்தும் பழுது திரும்பத் திரும்ப வருகிறது என்பதால், உங்கள் வண்டியில் நான் முதலில் கைவைக்கும் இடம் இதுதான்.

ஸ்பார்க்கும் சரியாக இருந்தால் கம்ப்ரஷன் சோதனை. நான்கு பிளக்குகளையும் கழற்றி, இன்ஜெக்டர்களையும் காயில்களையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு அளக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 10 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் காட்டும். சரியான அளவை அந்த இன்ஜினின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். மிக அதிகமான சிலிண்டருக்கும் மிகக் குறைந்த சிலிண்டருக்கும் இடையே 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் கவலைப்பட வேண்டியதுதான். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடியும் அளந்து, அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்று பிரித்தறியலாம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைந்திருந்தால் அவற்றின் நடுவே ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) எரிந்திருக்கக்கூடும். நான்குமே ஒருசேரக் குறைந்திருந்தால் இரண்டு காரணங்களை நினைக்க வேண்டும். ஒன்று, கிராங்க் தண்டையும் கேம் தண்டையும் இணைத்துச் சுழற்றும் டைமிங் பெல்ட்டோ செயினோ பல் தாண்டியிருப்பது. மற்றொன்று, பலரும் எண்ணிப் பார்க்காதது: பலமுறை செல்ஃப் அடித்ததில் சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் படலத்தைப் பெட்ரோல் கழுவிவிட்டிருப்பது. ஆயில் படலம் இல்லாவிட்டால் ரிங்குகள் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவதில்லை. அழுத்தம் இல்லாததால் இன்ஜின் எடுப்பதில்லை. எடுக்கவில்லையே என்று இன்னும் செல்ஃப் அடிக்கிறோம், இன்னும் கழுவப்படுகிறது. ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஆயில் விட்டு, பெட்ரோல் இல்லாமல் சில சுற்றுகள் சுற்றிவிட்டு, உலர்ந்த பிளக்குகளைப் பூட்டியவுடன் ஸ்டார்ட் ஆன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால், அல்லது ஆயில் மட்டம் கூடியிருந்தால், பழுது நீங்கியதும் ஆயிலை மாற்றிவிட வேண்டும். பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது.

இவை எல்லாமே சரி என்றால், கன்வெர்ட்டர் அடைப்பைப் பார்க்க வேண்டும். உள்ளே வரும் காற்று வெளியே போக வழியில்லாவிட்டால், ஸ்பார்க்கும் பெட்ரோலும் கம்ப்ரஷனும் இருந்தும் இன்ஜின் ஒன்றிரண்டு முறை செருமி அடங்கிவிடும். கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளை வழியாகப் புகை வெளியேற விட்டுச் செல்ஃப் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெட்ரோல் பம்பின் அழுத்தத்தையும் ஒருமுறை கேஜ் வைத்து அளந்துகொள்ளுங்கள். உள்ளேற்று குழாயில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகைக் கார்களில் அது பெரும்பாலும் 3 முதல் 4 பார் வரை இருக்கும். சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பீய்ச்சும் வகையாக இருந்தால், உயரழுத்தக் குழாயை யாரும் தெரியாமல் திறந்துவிடக் கூடாது. அதில் நூறு பாரைத் தாண்டும் அழுத்தம் இருக்கலாம். இசியூவைப் பொறுத்தவரை, அதற்குப் போகும் மின்சாரம், எர்த், கிராங்க் சைகை ஆகிய மூன்றும் சரியாக இருந்தும் அது காயிலையோ இன்ஜெக்டரையோ இயக்கவில்லை என்று அளந்து காட்டிய பிறகு மட்டுமே மாற்றச் சம்மதியுங்கள்.

கேள்வி: என் வண்டி குளிர்ந்த நிலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு, இரண்டு மூன்று முறை வெட்டிவிட்டுத் திடீரென்று நின்றுவிடுகிறது. செல்ஃப் சுற்றும், இன்ஜின் எடுக்காது. அரை மணி நேரம் நின்றால் ஒன்றும் நடக்காததுபோல ஓடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் பழுதே இல்லை என்கிறார்கள்.

பதில்: பட்டறையில் அவர்கள் பார்ப்பது ஆறிப்போன வண்டியை, நோய் சூட்டில்தான் வெளிப்படுகிறது. சூடேறினால் செயலிழந்து, ஆறினால் பிழைத்துக்கொள்ளும் பொருள்களில் முதலிடம் கிராங்க் சென்சாருக்கு. அதனுள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுருளிலோ மின்னணுப் பகுதியிலோ உள்ள கண்ணுக்குத் தெரியாத விரிசல், வெப்பத்தில் விரிந்து தொடர்பை அறுத்துவிடும். அதன் சைகை நின்றால் ஸ்பார்க்கும் இன்ஜெக்ஷனும் ஒரே நொடியில் நின்றுவிடும். அடுத்தது பெட்ரோல் பம்ப். அதற்கு அடுத்ததாக, பம்புக்கோ இசியூவுக்கோ மின்சாரம் தரும் ரிலேயின் உள்ளிணைப்பு.

வண்டி நின்ற அந்த அரை மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே சோதனை நேரம்; அதைக் காத்திருந்தே கழித்துவிடாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஒதுக்கிய பின், சாவியை அணைத்து மறுபடியும் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் காது கொடுத்துக் கேளுங்கள். பெரும்பாலான கார்களில் பின்னிருக்கைப் பக்கமிருந்து இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும், அதுதான் பம்ப். அது கேட்கவில்லை என்றால் பம்பின் ரிலேயை, அதே எண்ணும் அதே வடிவமும் கொண்ட வேறொரு ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ரீங்காரம் கேட்கிறது என்றால், சிறிய ஸ்கேனர் ஒன்றை வண்டியிலேயே வைத்திருந்து, செல்ஃப் சுற்றும்போது அது காட்டும் சுழற்சி எண்ணிக்கையைப் பாருங்கள். நிமிடத்துக்கு 200-ஐ ஒட்டிய எண் வர வேண்டிய இடத்தில் சுழியமே நிலைத்திருந்தால் கிராங்க் சென்சாரும் அதன் வயரும்தான் காரணம். ஓம் மீட்டரில் அளந்து சென்சார் சரி என்று யாராவது சொன்னால், அளந்தபோது அது சூடாக இருந்ததா என்று கேளுங்கள். காந்தப்புலத்தை மின்னணு முறையில் உணரும் ஹால் வகைச் சென்சாராக இருந்தால் ஓம் அளவு எதையும் நிரூபிக்காது.

கேள்வி: டேங்கை நிரப்பிவிட்டு வெளியே வரும்போது மட்டும் வண்டி சிரமப்பட்டு ஸ்டார்ட் ஆகிறது, ஒரு நிமிடம் மிஸ்ஸிங் அடித்துவிட்டுச் சரியாகிவிடுகிறது. கலப்படப் பெட்ரோலாக இருக்குமா?

பதில்: எந்த இடத்தில் நிரப்பினாலும், நிரப்பிய உடனே மட்டும் இது நடக்கிறது என்றால் பெட்ரோலைக் குறை சொல்ல வேண்டியதில்லை. டேங்கில் உருவாகும் பெட்ரோல் ஆவியைக் கரித்தூள் நிரம்பிய ஒரு பெட்டி பிடித்துவைக்கிறது. இன்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு என்ற மின்வால்வு திறந்து அந்த ஆவியை இன்ஜினுக்குள் அனுப்புகிறது. அந்த வால்வு மூடாமல் மாட்டிக்கொண்டால், நிரப்பும்போது தள்ளப்படும் ஆவி முழுவதும் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் உள்ளே புகுந்து கலவையைக் கெடுத்துவிடும். வால்வைக் கழற்றி, மின்சாரம் கொடுக்காமல் ஊதிப் பாருங்கள். காற்று தாண்டக் கூடாது; தாண்டினால் வால்வை மாற்ற வேண்டும். நிரப்பும் குழாய் தானாக நின்ற பிறகும் கூடுதலாகப் பெட்ரோல் விடுவதை நிறுத்துங்கள். கரிப்பெட்டிக்குள் திரவப் பெட்ரோல் போனால் அதுவும் கெட்டுவிடும்.

கேள்வி: இன்ஜின் பகுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய மறுநாளிலிருந்து மிஸ்ஸிங். உலர்ந்த பிறகும் முழுதாகப் போகவில்லை.

பதில்: பிளக்குகள் இருக்கும் ஆழமான குழிகளில் தண்ணீர் தேங்கியிருக்கும். காயில்களை எடுத்ததும் முதலில் அழுத்தக் காற்றால் அந்தக் குழிகளை ஊதி உலர்த்துங்கள். அதற்கு முன்பு பிளக்கைக் கழற்றினால் தண்ணீரும் மணலும் சிலிண்டருக்குள் விழுந்துவிடும். உலர்ந்த பிறகும் மிஸ்ஸிங் தொடர்வதற்குக் காரணம், ஈரத்தின் வழியாக ஸ்பார்க் வெளிப்பக்கமாகவே ஓடிப் பழகி, பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் காயிலின் ரப்பர் உறையின் உட்புறத்திலும் பென்சில் கோடு போலக் கரிப்பாதை ஒன்றைப் போட்டுவிட்டதுதான். அந்தக் கோட்டைத் துடைத்தாலும் மின்சாரம் அதே வழியைத்தான் தேடும். எனவே பிளக்கையும் ரப்பர் உறையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

கேள்வி: டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாகவும் தடையில்லாமலும் சுற்றுகிறது. காற்று உள்ளே போகும் குழாயில் வெடிச்சத்தம் கேட்கிறது. இன்னும் சில முறை முயலலாமா?

பதில்: ஒருமுறைகூட முயல வேண்டாம். செல்ஃப் தடையில்லாமல் சுற்றுகிறது என்றால் சிலிண்டர்களில் கம்ப்ரஷன் இல்லை. உள்ளேற்று குழாயில் வெடிக்கிறது என்றால் வால்வு திறந்திருக்கும் நேரத்தில் ஸ்பார்க் விழுகிறது. இரண்டும் சேர்ந்து, பெல்ட் குறி தவறிப் பூட்டப்பட்டிருப்பதையே காட்டுகின்றன. பல இன்ஜின்களில் நேரம் தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். செல்ஃப் மோட்டாரின் வேகமே வால்வை வளைக்கப் போதுமானது. மூடியைத் திறந்து, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, கையாலேயே மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றி, கிராங்க் குறியும் கேம் குறியும் ஒருசேர நேர்ப்படுகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். கையில் ஏதாவது கடினமாகத் தடுத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். குறிகளைச் சரிசெய்து பூட்டிய பின், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு கம்ப்ரஷனை அளந்துவிடுங்கள். நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் திரும்பியிருந்தால் வால்வுகள் தப்பித்துவிட்டன. ஏதாவது ஒன்றில் வரவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.